தாயாரம்மாளும் சிங்கக்குட்டியின் குதிரையும்

தாயாரம்மாள் அக்காவிடம் போன பாத்திரம் எதுவும் காலியாகத் திரும்பி வந்ததில்லை. நான் எலுமிச்சை ஊறுகாய் கொடுத்த டப்பா மறுநாள் வறுத்த வேர்க்கடலையோடு வந்தது. கேட்டில் கையெழுத்துப் போட செக்யூரிட்டி பேனா கொடுத்தால், பேனாவோடு ஒரு வாழைப்பழமும் அவர் கைக்குப் போகும். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று அவர் தினமும் கேட்பார். "வாங்கினத சும்மா திருப்பக் கூடாதுப்பா" என்று அக்கா தினமும் சொல்வாள்.

ஒரகடத்தில் வண்டி உதிரிபாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியின் கேன்டீனில் நாங்கள் தட்டு கழுவுகிறோம். அக்கா மணிமங்கலத்தில் கம்பெனி பஸ் ஏறுவாள். நான் படப்பையில் ஏறுவேன். பக்கத்து சீட்டில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் இருந்தால் வாய் திறக்க மாட்டேன். அக்காவுக்கு அது பிடித்திருந்தது.

"நீ பக்கத்துல குந்துனா ஃபேன் போட்ட மாதிரி கீதுடி கலை. பேச்சே இல்ல, காத்து மட்டும் வருது" என்பாள்.

எங்களுக்கு முன் சீட்டு சசிரேகாவுடையது. பேக்கிங் செக்‌ஷனில் வேலை. பஸ் முன்னால் போகும், அவள் பின்னால் திரும்பி எங்களைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அக்காவின் போனில் அந்தப் பண்ணை விளையாட்டை ஏற்றிக் கொடுத்தது அவள்தான்.

விளையாட்டு சுலபம். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு துண்டு நிலம். விதைக்கலாம், அறுக்கலாம், ஆடு மாடு வளர்க்கலாம். ஒரு தெருவில் பத்திருபது பேர் இருப்பார்கள். எங்கள் தெருவில் பஸ் பெண்கள் சிலர், மற்றவர்கள் எந்த ஊரோ, யாரோ. யார் வேண்டுமானாலும் யாருக்கும் பரிசு அனுப்பலாம். பரிசு வந்தால் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்று மணி அடிக்கும். மணியைத் தொட்டால் சாமான் உள்ளே இறங்கும். பக்கத்திலேயே 'திருப்பிக் கொடு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால் நம் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்று அவர்களுக்குப் போகும். அந்தப் பொத்தானை அக்காவுக்காகவே வைத்ததுபோல் இருந்தது.

'தாயாரம்மாள்' என்று எழுதப் பெட்டியில் இடம் போதவில்லை என்று சசிரேகா 'தாரா' என்று போட்டுவிட்டாள். படத்துக்குப் பாவாடை தாவணியில் ஒரு பெண். ஊர் கேட்ட இடத்தில் ஒரகடம்.

"இன்னாடி இது? எம் பொண்ணு வயசுகூட இருக்காது போலக் கீதே!"

"மேக்கப் போட்டா நீயும் இப்டித்தான் கீறேக்கா."

அக்கா வெட்கப்பட்டுச் சிரித்தாள். பெயரும் படமும் அப்படியே நின்றுவிட்டன.

கொஞ்ச நாளில் அந்தத் தெருக்கோடியில் 'முருங்கப்பூ' என்ற பெயரில் ஒருவர் குடிவந்தார். ஒரு வார்த்தை எழுத மாட்டார். தினமும் வந்து அக்காவின் முருங்கை மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார். வண்டியில் ஒரு கூடை வெண்டைக்காய் அனுப்புவார். போய்விடுவார். யார்தான் இது என்று அக்கா ஒருநாள் அந்த வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு போனை என் மடியில் வைத்தாள்.

"கலை, இந்தக் கொல்லையப் பாரு. கெணத்துக்கு இந்தாண்ட நீலக்கலர் டிரம்மு. டிரம்முக்குப் பக்கத்துல தொவைக்கிற கல்லு. கல்லுக்கு மேல மல்லிக்கொடி. எங்க வூட்டுக் கொல்லைய இவ எங்கடி பாத்தா?"

நான் பதில் தேடுவதற்குள் அவளே சொன்னாள்.

"ரஞ்சனிடி."

ரஞ்சனி அக்காவின் ஒரே மகள். சசிரேகாவோடு பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவள். அங்கே சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய அந்தோணிராஜைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். சர்ச்சுக்குப் போகிற குடும்பம் வேண்டாம் என்று அவள் அப்பா நரசிம்மன் ஒரே பிடியாக நின்றார். கல்யாணத்துக்கு இவர்கள் போகவில்லை. அதற்குப் பிறகு பேச்சும் நின்றுவிட்டது. கணவர் எதிரில் மகளுக்கு போன் செய்ய அக்காவால் முடியவில்லை. அவர் இல்லாதபோது செய்யலாம் என்றால், எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை.

"பேசேன்க்கா" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சி போச்சின்னு அவளுக்குத் தெரிஞ்சா வராம பூடுவாடி. ரோஷக்காரி. வரட்டும், தண்ணி ஊத்தட்டும், போவட்டும். நீ யாராண்டயும் சொல்லாதே."

யாரிடமும் சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான காரியமில்லை. தினமும் காலையில் பஸ் படப்பையைத் தாண்டும்போது அக்கா முருங்கை மரத்தைத் திறந்து பார்ப்பாள். அடியில் மண் ஈரமாக இருந்தால், "வந்துட்டுப் போய்க்கீது" என்று என் தொடையில் தட்டுவாள். அன்று முழுக்க எவ்வளவு தட்டு குவிந்தாலும் அவள் முகம் சுளிக்காது.

இப்படி இருக்கும்போதுதான் சிங்கக்குட்டி வந்தான்.

அவன் யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. முதலில் ஒரு மூட்டை எரு அனுப்பினான். அக்கா ஒரு கூடை கத்திரிக்காய் திருப்பிக் கொடுத்தாள். அடுத்து ஒரு மயில். அதற்கும் கத்திரிக்காய். அப்புறம் பளிங்கில் ஒரு ஊஞ்சல். கடைசியில், வெள்ளையாக ஒரு குதிரை. தலையில் சிவப்புக் குஞ்சம்.

"யாருக்குடி வேணும் குதிரை? இத எங்க கட்றது?"

"மாப்ள அழைப்புக்கு வெச்சிக்கக்கா" என்றாள் சசிரேகா.

"வித்துட முடியாதா?"

"பரிசா வந்தத விக்க வுடாது."

இடமில்லாமல் அந்தக் குதிரையை முருங்கை மரத்தடியில் கட்டினாள். அது நின்ற இடத்தில் புல் தின்றது, காலை உதைத்தது, மரத்தைப் பாதி மறைத்தது. ஈரம் இருக்கிறதா என்று பார்க்க அக்கா போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆனாலும் குதிரைக்கும் ஒரு கூடை கத்திரிக்காய் போனது. வேண்டாத சாமானாக இருந்தாலும் வாங்கிய கை வாங்கியதுதான் என்பது அவள் கணக்கு.

அந்த விளையாட்டில் திருவிழா வாரம் என்று ஒன்று வந்தது. அந்த வாரம் மட்டும் புதுப்புதுச் சாமான்கள் அனுப்பலாம். ஒரு காலை நேரம், பஸ் ஒரகடம் மேம்பாலத்தை நெருங்குகிறது. வாசலில் வண்டி மணி அடித்தது. அக்கா என்னிடம் ரசத்தில் உப்புக் கூடிய கதையைச் சொல்லிக்கொண்டே, திரையைப் பார்க்காமல், மணியைத் தொட்டாள். பழக்க தோஷத்தில் 'திருப்பிக் கொடு'வையும் தொட்டாள்.

போனிலிருந்து கெட்டிமேளம் கிளம்பியது. நாதஸ்வரம், தவில் எல்லாம் சேர்ந்து பஸ் முழுக்கக் கேட்டது. அக்காவுக்குச் சத்தத்தைக் குறைக்கத் தெரியவில்லை. டிரைவர் தணிகாசலம் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"யாருக்கும்மா முகூர்த்தம்? சொல்லவே இல்ல!"

சசிரேகா எட்டி போனைப் பிடுங்கினாள். தெருப் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி பெரிதாக எழுதியிருந்தது: 'சிங்கக்குட்டியும் தாராவும் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.' தேங்காய், பழம், பூ, மேலே ஒரு பட்டுப்புடவை. அந்தத் தட்டு அக்காவின் வாசலில் இருந்தது. தட்டு வந்தால் அந்தப் பொத்தான் தட்டையே திருப்பிக் கொடுக்கும்போல, அக்காவின் தட்டு அவன் வாசலில் இருந்தது.

"அய்யோ அக்கா! நிச்சயதார்த்தமே முடிச்சிட்டியே!"

"அடிப் பாவி, நான் கத்திரிக்கான்னு நெனச்சேண்டி!"

பஸ்ஸே சிரித்தது. பின் சீட்டிலிருந்து ஒருத்தி சாப்பாடு எப்போ என்றாள். இன்னொருத்தி, நரசிம்மன் மாமாவுக்குப் பத்திரிகை வைத்தாயா என்றாள். அக்காவும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். கம்பெனி கேட் வரும்வரை அது சிரிப்பாகத்தான் இருந்தது.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால், சிங்கக்குட்டி எழுதியிருந்தான். 'இனிமே நீ என் ஆளு.' அப்புறம், 'ஒரு போட்டோ அனுப்பு செல்லம்.' அப்புறம், 'எந்த கம்பெனி? எந்த கேட்?'

அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசி எழுதவைத்தாள். "தம்பி, எனக்கு எதுவும் வேணாம்பா. உன் குதிரைய நீயே ஓட்டிகினு போ."

'தம்பியா? பிகு பண்ணாதே' என்று பதில் வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. 'குடுக்கறப்ப எல்லாம் வாங்கிக்கினே இல்ல? அப்போ இனிச்சிதா?'

அக்கா அதை மறுபடி மறுபடி படித்தாள். அவள் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. ஒன்று வாங்கினால் ஒன்று கொடுக்க வேண்டும் என்று வாழ்ந்தவள். அந்த வழக்கத்தையே பிடித்து எவனோ ஒருவன் அவளை இழுக்கிறான்.

சாயங்காலம் பஸ்ஸில் சசிரேகாவுக்குக் கோபம் வந்தது. "உன் நெஜ போட்டோவ அனுப்புக்கா. தலைல துணி கட்டிகினு, கைல பிரஷ்ஷு வெச்சிகினு. அலறிக்கினு ஓடுவான்."

"எம் மூஞ்சி எதுக்குடி அவங்கிட்ட போவணும்?"

சசிரேகா 'புகார்' என்ற பொத்தானை அழுத்தினாள். மறுநாள் காலை அவன் 'சிங்கக்குட்டி 2' என்று வேறு பெயரில் வந்து, ஒரு கூடை ரோஜாவை இறக்கிவிட்டு, 'கேட்டுல வந்து நிப்பேன்' என்று எழுதிவிட்டுப் போனான்.

"அக்கா, ஒரே வழிதான் கீது" என்று சசிரேகா திரையைக் காட்டினாள். யாரோ அரைகுறையாகத் தமிழாக்கியிருந்த பட்டியலில் 'பரிசு: சொந்தக்காரர்கள் மட்டும்' என்று ஒரு வரி. "இத அமுக்கிட்டா, நீ சொந்தம்னு சேத்தவங்க வண்டி மட்டும்தான் வாசலுக்கு வரும். மத்தவன் வண்டியெல்லாம் தெருமுனையிலயே நின்னுடும். எழுதவும் முடியாது, உள்ள கால் வெக்கவும் முடியாது."

"அமுக்கு" என்றாள் அக்கா. சசிரேகா விரலை நீட்டினாள். அக்கா சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"முருங்கப்பூ?"

சசிரேகாவின் முகம் மாறியது. எப்போதும் நாலு பதில் வைத்திருப்பவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அது... நீ இன்னும் சொந்தம்னு சேக்கலியேக்கா. அதுவும்தான் வராது. சேக்கணும்னா நீதான் கேக்கணும். அந்தாண்ட அவங்க சரின்னு சொல்லணும்."

"வேணாம் வுடு" என்று அக்கா போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எனக்கு அப்போது இரண்டு விஷயம் புரிந்தது. தாரா யார் என்று ரஞ்சனிக்குச் சொன்னது சசிரேகா. இனி அக்காவுக்கு இரண்டே வழி. அந்தப் பயலின் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு மகளின் ஒரு குடம் தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அல்லது, 'நீ யாரென்று எனக்குத் தெரியும்' என்று மகளிடம் வாய்விட்டுச் சொல்லலாம். சொன்னால் அவள் வருவாளா, ஒரேயடியாகப் போய்விடுவாளா என்று யாருக்கும் தெரியாது.

அந்த வாரம் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டில் யாராவது பைக்கில் சாய்ந்து நின்றால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் பின்னால் நடந்தாள். செக்யூரிட்டிக்கு வாழைப்பழம் போகவில்லை. "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

வாரத்தின் கடைசி நாள். தட்டுகளை வெந்நீர்த் தொட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"கலை, அந்தோணிராஜோட அம்மா இருங்காட்டுக்கோட்டைலருந்து ஆட்டோ புடிச்சி எங்க வூட்டுக்கு வந்தாங்கடி. பொண்ணு கேக்க. ஆப்பிளு, சாத்துக்குடி, பந்து பந்தா மல்லிப்பூ, மெரூன் கலர்ல ஒரு பொடவை. எல்லாம் தட்டுல. அவங்க சாமிக்கு இதெல்லாம் வழக்கமோ இன்னாவோ, எங்க வழக்கம்னு கேட்டுத் தெரிஞ்சிகினு எடுத்தாந்திருந்தாங்க. இவரு, எடுத்துகினு போங்கன்னுட்டாரு. நான் உள்ள காபி போட்டு வெச்சிகினு நிக்கறேன். வெளிய வரல. அந்தம்மா தட்டத் தூக்கிகினு போறது ஜன்னல்ல தெரியுது. எங்கையில காபி ஏடு கட்டிடிச்சி."

நான் தண்ணீர்க் குழாயை மூடினேன்.

"எவனோ ஒரு பொறுக்கி தட்ட, பாக்கக்கூட இல்ல, விரலால தொட்டு வாங்கிட்டேன். திருப்பியும் குட்த்துட்டேன். அந்தம்மா தட்டுக்கு..." அவள் முடிக்கவில்லை. கையிலிருந்த தட்டை அடுக்கின்மேல் வைத்தாள். அது சத்தமில்லாமல் உட்கார்ந்தது.

அன்று காலை பஸ்ஸில் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். விளையாட்டைத் திறந்ததும் மேலே ஓடுகிற எழுத்தில் 'திருவிழாச் சாமான்கள் இன்றோடு முடிகின்றன' என்று இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா" என்றேன். "அந்தத் தட்டு இன்னிக்கு வரைக்கும்தான் அனுப்ப முடியும்."

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள்.

ஷிஃப்ட் முடிந்து பஸ் கிளம்பியதும் அவள் முன் சீட்டைத் தட்டினாள். "ஏய் சசி, திரும்புடி. சொந்தம் எப்டிக் கேக்கறது?"

சசிரேகா திரும்பிய வேகத்தில் அவள் சாப்பாட்டுப் பை கீழே விழுந்தது. "யார, யாரக்கா?"

"நடிக்காதே. நீதான் சொல்லிக் குட்த்தேன்னு எனக்குத் தெரியும். அப்புறம் வெச்சிக்கறேன் உன்ன."

முருங்கப்பூவின் வீட்டு வாசலுக்குப் போனார்கள். 'சொந்தம் சேர்' என்ற பொத்தானைத் தொட்டதும், கூடவே ஒரு பரிசு வைக்கிறீர்களா என்று கேட்டது. அக்கா விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, தட்டைக் காட்டினாள்.

"எழுதணுமாக்கா ஏதாச்சும்?"

அக்கா நெடுநேரம் யோசித்தாள். படப்பை மார்க்கெட் வந்துவிட்டது. நான் இறங்க வேண்டிய இடம். நான் இறங்கவில்லை.

"தட்ட வாங்கிக்கோன்னு போடு. உங்க மாமியாராண்டயும் காட்டுன்னு போடு."

சசிரேகா எழுதி அனுப்பினாள். போனை அக்காவின் மடியில் வைத்தாள். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தோம். ஒன்றும் வரவில்லை. திரை அணைந்தது. அக்கா தொட்டு எழுப்பினாள். மறுபடி அணைந்தது. "வேலைல இருப்பா" என்றாள் சசிரேகா. "ஆமா, வேலைல இருப்பா" என்றாள் அக்கா. ரோட்டில் மாடு நின்றதால் பஸ் நின்றது, கிளம்பியது. அக்காவின் கை என் கையைப் பிடித்திருந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் சுருங்கிய கை. ஜில்லென்று இருந்தது.

மணிமங்கலம் ஏரிக்கரை திரும்பும்போது கெட்டிமேளம் கொட்டியது.

"இன்னாம்மா, மறுபடியுமா?" என்று முன்னாலிருந்து தணிகாசலம் கத்தினார். "ஒரே வாரத்துல ரெண்டு முகூர்த்தமா?"

'முருங்கப்பூவும் தாராவும் தட்டு மாற்றிக்கொண்டார்கள்.' பஸ்ஸில் யாருக்கும் விஷயம் தெரியாது. ஆனாலும் அக்காவின் முகத்தைப் பார்த்து யாரும் கிண்டல் செய்யவில்லை. மேளம் ஓய்ந்ததும் கீழே ஒரு வரி வந்தது. அவளுக்குக் கண் மறைத்தது, சசிரேகா படித்தாள்.

"மொதல்ல அந்தக் குதிரைய முருங்க மரத்தாண்டருந்து தள்ளிக் கட்டும்மா. வேர மிதிக்குது."

"இன்னொரு வாட்டி படி."

"தள்ளிக் கட்டும்மா..."

"கட்டும்மான்னு போட்டுக்கீறா" என்றாள் அக்கா என்னிடம். "பாத்தியா? கட்டுன்னு போடல. கட்டும்மா." பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "அவளுக்குத் திமிரப் பாரேன், வந்ததும் வராததுமா அதிகாரம் பண்றா" என்றாள்.

சசிரேகா அந்த 'சொந்தக்காரர்கள் மட்டும்' வரியை அமுக்கினாள். எங்கள் பஸ் பெண்களையும் ஒவ்வொருவராகச் சேர்த்தாள். ரோஜாக் கூடையோடு வந்துகொண்டிருந்த சிங்கக்குட்டியின் வண்டி தெருமுனையில் நின்றது. மாடு தலையை ஆட்டியது, மணி அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை.

அக்கா குதிரையை அவிழ்த்து ஊஞ்சலுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினாள். பிறகு தெருமுனையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அந்த மாடு பாவம்டி. கடைசியா ஒரு கூடை கத்திரிக்கா அனுப்பி..."

"போனக் குடு இங்க!" என்று சசிரேகா பிடுங்கிக்கொண்டாள்.

மணிமங்கலத்தில் அக்காவோடு நானும் இறங்கினேன். படப்பைக்குத் திரும்ப ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும். இவ்வளவு தூரம் ஏன் வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. பையைத் துழாவி, காலையில் செக்யூரிட்டிக்குக் கொடுக்காமல் விட்ட வாழைப்பழத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அவள் வீட்டுச் சந்து எதிரிலேயே தெரிந்தது. நரசிம்மன் மாமாவின் சைக்கிள் வாசலில் நின்றிருந்தது.

"மாமாகிட்ட இன்னாக்கா சொல்லப் போற?"

"மொதல்ல காபி போட்டுக் குடுப்பேன்" என்றாள். போனை முந்தானையில் துடைத்து, திரை அணையாமல் பிடித்துக்கொண்டாள். "அது ஏடு கட்றதுக்குள்ள சொல்லிடணும்."